என்ன முறை?

உ

உடுவில்,
12.09.1992

அன்பு மகன் பஞ்சலிங்கத்துக்கு ஐயா எழுதுவது.

நானும் அம்மாவும் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் என்னோடு கதை பேச்சில்லாமல் தனியாக வாழ்கிறது. ஸ்கொட்லாந்துக் குளிர் உன்னை எப்படி வைத்திருக்கிறது என்று எழுது.

நீ அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரை செஞ்சிலுவைக் கப்பலில் கடல் பார்த்துக்கொண்டு இரண்டு மாதத்தில் வந்து சேர்ந்தது. முதல் பக்கத்தில் உன் பெயர் அச்சில் இருந்தது. மற்றதெல்லாம் இங்கிலீஷ். எட்டாம் வகுப்போடு பஸ்ஸில் ஏறி முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவனுக்கு இங்கிலீஷ் என்றால் 'ரைட்', 'ஹோல்டோன்' இரண்டும்தான். ஆனால் மூன்றாம் பக்கத்தில் படம் இருந்தது. ஒரு குரங்கு, இன்னொரு குரங்கைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தபடி. படம் பார்க்க இங்கிலீஷ் வேண்டாமே.

அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினேன். சங்கக்கடை மனேச்சர் கனகலிங்கத்துக்குக் காட்டினேன். கோயில் ஐயருக்குக் காட்டினேன். சீனிக்கு வரிசையில் நின்ற சனம் எல்லாவற்றுக்கும் காட்டினேன். "என்ரை மகன் எழுதினது. உது குரங்குப் புருசனும் பெண்சாதியும். எங்களை மாதிரித்தான், பின்னேரத்திலை கொஞ்சம் அன்பாயிருக்குங்கள்" என்று விளக்கமும் சொன்னேன். ஐயர் அனுமார் ஞாபகத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு அடைக்கலநாதன் வந்தான். உன்னோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் இருந்தவன், உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குருநகரில் அவர்கள் வீட்டில் ஷெல் விழுந்து, தாயும் தங்கச்சியும் மடு மாதா கோயில் அகதிமுகாமுக்குப் போய்விட்டார்கள். இவன் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், சோதனை வரப்போகிறது, விட்டுவிட்டுப் போக மனமில்லை என்று நின்றுவிட்டான். தங்க இடம் கேட்டான். முன் அறையைக் கொடுத்தேன். 'அங்கிள், அங்கிள்' என்றான். "அங்கிள் எண்டால் எனக்குக் கோட்டு சூட்டுப் போட்ட மாதிரி வேர்க்குது. மாமா எண்டு கூப்பிடு" என்றேன்.

அவனிடம்தான் கட்டுரையை வாசிக்கக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"மாமா, உதை வேறை ஆருக்கும் காட்டினியளோ?"

"காட்டாத ஆள் இல்லை."

"இது ரெண்டும் கடுவன்."

நான் வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். அம்மா அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தா. அடைக்கலம் சிரிக்கவில்லை. உன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கட்டுரை முழுவதையும் தனக்குள் வாசித்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். கடுவனும் கடுவனும் அப்படி இருந்தால் குட்டி எப்படி வரும்? குட்டி வராத பழக்கம் இத்தனை காலம் அழியாமல் எப்படி இருக்கும்? விளங்கும் தமிழில் எழுது.

உன் வெட்கம் கெட்ட ஐயா,
க. நமசிவாயம்


03.11.1992

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள்.

நீங்கள் கேட்ட கேள்விதான் எங்கள் துறையின் பெரிய கேள்வி. அதற்காகத்தான் எனக்கு உதவிப்பணம் தருகிறார்கள். கூர்ப்பு, அதாவது பரிணாமக் கொள்கையின்படி, குட்டிகளைப் பெருக்க உதவாத ஒரு நடத்தை தலைமுறை தலைமுறையாக மங்கி மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. குட்டைவால் குரங்குகளிடம் மட்டுமல்ல, பல விலங்குகளிடம் இருக்கிறது. அப்படியானால் அதில் ஏதோ நன்மை இருக்கவேண்டும் என்று தேடுகிறார்கள்.

பழைய விளக்கம் ஒன்று உண்டு. அது பதவியைக் காட்டுகிற சடங்கு என்பது. மேலே ஏறுகிறவன் பெரியவன். இடம் கொடுக்கிறவன் சின்னவன். சண்டை பிடித்துக் காயப்படாமல் யார் பெரியவன் என்று தீர்த்துக்கொள்கிறார்கள். நான் பார்க்கிற கூட்டத்தில் அது சரிவரவில்லை. சின்னவனும் பெரியவன் மேல் ஏறுகிறான். பெரியவன் பேசாமல் நிற்கிறான்.

அடைக்கலம் எங்கள் வீட்டில் இருப்பது நல்லது. அவனுக்கு மாரி மழையில் தொய்வு இழுக்கும், மூச்சு விடக் கஷ்டப்படுவான். முன் அறை ஒழுகும், கட்டிலை மேற்குச் சுவரோடு போடச் சொல்லுங்கள். மரவள்ளி அவனுக்கு ஒத்துக்கொள்ளாது, ஆனால் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டான். காலையில் சாப்பிடாமல் படிப்பிக்கப் போய்விடுவான், அம்மா கவனிக்கவேண்டும். இரவில் படிக்கும்போது விளக்கை மிகக் கிட்ட வைப்பான்.

வேறு விசேஷம் இல்லை.

மகன்,
பஞ்சலிங்கம்


உடுவில்,
20.01.1993

அன்பு மகனுக்கு,

தைப்பொங்கல் பொங்கினோம். அரிசி இருந்தது, சர்க்கரை இல்லை. அம்மா அதைப் பொங்கல் என்றுதான் சொன்னா, நானும் எதிர்த்துக் கதைக்கவில்லை. உன் கடிதம் கண்டு சந்தோஷம்.

பதவியைக் காட்டுகிற சடங்கு என்று எழுதியிருந்தாய். அது எனக்கு உடனே விளங்கியது. எங்கள் கோயிலில் பூசை முடியக் காளாஞ்சி கொடுப்பதும் அதுதானே. முதல் காளாஞ்சி சங்கக்கடைக் கனகலிங்கத்துக்கு. எனக்குக் கடைசி. வெற்றிலை முடிந்திருந்தால் பாக்கு மட்டும். குரங்குகளிலும் நான் எந்த இடத்தில் நிற்பேன் என்று எனக்குத் தெரியும்.

அடைக்கலத்தின் கட்டிலை மேற்குச் சுவரோடு போட்டாயிற்று. என் முழங்காலைப் பற்றி ஒரு வரி, அவன் தொய்வைப் பற்றி அரைப் பக்கம். குறை சொல்லவில்லை. கொண்டக்டர் வேலை பார்த்தவனுக்கு எண்ணுவது பழக்கம்.

பின்னேரங்களில் அவனும் நானும் முற்றத்தில் இருந்து உன் குரங்குகளைப் பற்றிக் கதைப்போம். நான் கேட்பேன், அவன் விளக்குவான். உன் கடிதத்தை என்னிடம் வாங்கி ஒருதரம் வாசிப்பான். பிறகு, "மாமா, அந்தப் பதவி விசயம் எப்பிடி எழுதியிருந்தது?" என்று திரும்பவும் வாங்குவான். இப்போது அது அவனிடமே இருக்கிறது.

இனி அம்மாவின் கட்டளை. உனக்கு முப்பது முடிகிறது. இங்கே மகளிர் கல்லூரியில் படிப்பிக்கிற அருந்ததி என்ற பிள்ளையின் சாதகம் வந்திருக்கிறது. நல்ல குடும்பம், அமைதியான பிள்ளை. அம்மா உன் முடிவை எதிர்பார்க்கிறா. நான் தபால்காரன் மட்டும்.

உன் ஐயா,
நமசிவாயம்


22.03.1993

அன்புள்ள ஐயாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே பனி கரைகிறது.

இரண்டாவது விளக்கத்தை எழுதுகிறேன். அது கூட்டணி விளக்கம். இப்படி நெருங்கிப் பழகுகிற இரண்டு ஆண்கள், மூன்றாவது ஒருவன் சண்டைக்கு வரும்போது ஒருவருக்கு ஒருவர் துணை நிற்கிறார்கள். அப்படித் துணை இருந்தால் கூட்டத்தில் இடம் உயரும். இடம் உயர்ந்தால் பின்னாளில் பெண்ணும் குட்டியும் கிடைக்கும். ஆகவே பழக்கம் அழியவில்லை என்கிறார்கள். உண்மையா என்று பார்க்க, ஒவ்வொரு சண்டையிலும் யார் யாருக்குப் பக்கத்தில் வந்து நின்றது என்று குறிக்கிறேன். கத்துவது, பல்லைக் காட்டுவது எல்லாம் கணக்கில் இல்லை. பக்கத்தில் வந்து நின்றானா என்பதுதான் கணக்கு.

மூன்றாவது விளக்கம், தனக்குக் குட்டி இல்லாதவன் தன் சகோதரியின் குட்டிகளை வளர்க்க உதவுகிறான் என்பது. அந்தக் குட்டிகளிலும் அவன் இரத்தம் கொஞ்சம் இருக்கிறதல்லவா. அவர்கள் வழியாக அது தொடர்கிறது.

அடைக்கலத்தின் தொய்வுக்கு மருந்து அனுப்ப வழி கேட்டிருக்கிறேன்.

மகன்,
பஞ்சலிங்கம்


உடுவில்,
15.05.1993

அன்பு மகனுக்கு ஐயா எழுதிக்கொள்வது,

இங்கே வெயில். கரண்ட் இல்லாதபடியால் மின்விசிறி ஓடவில்லையே என்ற கவலையும் இல்லை. நீ நன்றாகச் சாப்பிடு.

மூன்றாவது விளக்கம் எங்கள் பஸ்ஸுக்கு உரிய டிக்கெட் இல்லை. உனக்குத் தங்கச்சி ஒருத்தியைப் பெற்றுத்தர நானும் அம்மாவும் மறந்துபோனோம்.

கலியாணத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அம்மா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா, வெறும் பக்கத்தையும் பார்த்தா. நான் ஒரு கதை சொல்லுகிறேன். நான் கீரிமலை லைனில் ஓடிய காலத்தில் நீயும் அடைக்கலமும் சனிக்கிழமைகளில் கேணியில் குளிக்க வருவீர்கள். இப்போது அந்தப் பக்கம் ஆமி, ஒருவரும் போகமுடியாது. பஸ் வெறுமையாகக் கிடக்கும். ஒருவன் முன் சீட்டில் இருப்பான், மற்றவன் கடைசி சீட்டில். கோபமும் இல்லை, முகத்தில் சந்தோஷம்தான். ஆனால் முன்னால் இருந்தவன் இரண்டு டிக்கெட் எடுப்பான். பின்னால் இருந்தவனிடம் நான் காசு கேட்டுப் போனதே இல்லை. அவ்வளவுதான், அந்தக் கதை அதோடு முடிந்தது.

போன கிழமை சாத்திரியாருக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று பின்னேரமே உன் சாதகத்தில் ஏழாம் வீட்டில் செவ்வாய் வந்து குடியேறிவிட்டது. அருந்ததிக்கு அது பொருந்தாது. இனி வருகிற ஒருத்திக்கும் பொருந்தாது என்று சாத்திரியார் கையெழுத்து வைக்காத குறையாகச் சொன்னார். அம்மா அழுதா. மண்ணெண்ணெய் எங்கே போனது என்று கேட்டா. சிந்திவிட்டது என்றேன்.

ஒரு விசயம் மட்டும் மனதுக்குச் சரியில்லை. சங்கக்கடை வரிசையில் கனகலிங்கம் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னான்: "நமசிவாயமண்ணை, முந்தி குரங்குப் படம் கொண்டந்து காட்டினியள். இப்ப வீட்டிலையே ஒரு கடுவன் வளர்க்கிறியளாம். மகன் அங்கை, சோடி இங்கையோ?" சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சிரிக்கச் சொல்லும்போது சிரிக்காவிட்டால் சீனி குறையும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அடைக்கலம் என் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்லவில்லை.

உன் ஐயா


08.07.1993

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் சுகம். செவ்வாய்க்கு நன்றி. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

தயவுசெய்து அந்தக் கட்டுரையை இனி வெளியே கொண்டுபோக வேண்டாம். எரித்துவிட்டாலும் நல்லது.

என் கணக்குகள் முடிந்துவிட்டன. நெருக்கமாக இருக்கிற சோடிகளுக்குக் கூட்டத்தில் இடம் உயரவில்லை. ஒருவருக்கு ஒருவர் துணை நிற்கிறார்கள், அது உண்மை. ஆனால் பெரிய கடுவன் ஒன்றுக்குப் பிடிக்காமல் போனால் இரண்டுமே அடி வாங்குகின்றன. அடி வாங்கிய பிறகும் மழை வந்தால் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. பேராசிரியர் இதில் என்ன பயன், என்ன பயன் என்று கேட்கிறார். யார் மேலே, யார் கீழே என்று அட்டவணை போடச் சொல்கிறார். ஒரு பயனும் இல்லாமல் ஒன்று இருக்கக்கூடாதா என்று கேட்டேன். அது விஞ்ஞானக் கேள்வி அல்ல என்றார்.

அடைக்கலத்தைத் தாயிடம் மடுவுக்கு அனுப்ப முடியுமா? அங்கிருந்து கொழும்புக்கு வந்தால் மிகுதியை நான் பார்ப்பேன். கெதியாக.

மகன்,
பஞ்சலிங்கம்


உடுவில்,
30.08.1993

அன்பு மகனுக்கு,

உன் சுகத்தை நல்லூர்க் கந்தன் பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கடிதத்தை அம்மா நித்திரையான பிறகு எழுதவில்லை, அவ பக்கத்தில் இருக்கும்போதே எழுதுகிறேன். அவவுக்கும் இப்போது எல்லாம் தெரியும். செவ்வாய் உட்பட.

யாரோ பெட்டிசம் போட்டிருக்கிறார்கள். சமூகத்துக்கு ஒவ்வாத நடத்தை என்று. இயக்கப் பெடியள் வந்து அடைக்கலத்தை விசாரிக்கவேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பது நாள். பத்தாம் நாள் வீட்டுப் படலையடியில் நின்றான். தலை மொட்டை. வலது கையில் இரண்டு விரல் மடங்குதில்லை. அம்மா சோறு குழைத்து ஊட்டிவிட்டா. மரவள்ளி இல்லை, சோறுதான்.

நான் கேட்டேன், "என்னடா கேட்டவை?"

"குரங்கைப் பற்றித்தான் மாமா கேட்டவை."

"குரங்கைப் பற்றியோ?" என்றேன்.

"அந்தப் படத்தைப் பற்றி ஆரோ சொல்லியிருக்கினம். ஆர் மேலை, ஆர் கீழை எண்டுதான் திருப்பித் திருப்பிக் கேட்டவை."

உன் பேராசிரியரும் அதைத்தானே கேட்டார் என்று எனக்கு நினைவு வந்தது. சொல்லவில்லை. கட்டுரையை அன்றே அடுப்பில் வைத்தேன். ஊரெல்லாம் பார்த்து முடிந்த பிறகு.

பிள்ளைகளை அவனிடம் படிக்க அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். சோதனைக்கு ஒரு மாதம் இருக்கிறது. படிப்பிக்கிற கொட்டிலில் வாங்குகளை அடுக்கிவைத்துவிட்டு வந்தான்.

இரண்டாம் முறை கூப்பிட்டால் திரும்பி வரமாட்டான் என்று சொல்லியே அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே மடுவுக்குப் போகவேண்டும். இங்கிருந்து வெளிக்கிட இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்கு ஒருவர் பிணை நிற்கவேண்டும், அவன் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவரைப் பிடிப்பார்கள். அவனுடைய ஆட்கள் ஒருவரும் இந்தப் பக்கம் இல்லை. அவனுடைய மாதா கோயில் சுவாமியார், தானே நிற்கிறேன் என்று போய்ப் பார்த்தார். சொந்தக்காரர்தான் நிற்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் வேண்டாம் என்றான். "நான் போனால் திரும்பி வரமாட்டன் மாமா, உங்களைப் பிடிப்பினம்" என்றான். பிடித்து என்ன செய்வது, முழங்காலையா வைத்து அழுவது என்றேன். வியாழக்கிழமை போகிறோம்.

நீ பயப்படாதே. உன் கணக்கில் என்னையும் பக்கத்தில் நின்றவன் என்று குறித்துக்கொள்.

உன் ஐயா


உடுவில்,
19.10.1993

மகனுக்கு,

அம்மா சுகம். நான் சுகம்.

பாஸ் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் ஒரு கிழமை எங்களோடு இருந்தான். பாஸ் இல்லாதவனைக் கிளாலியில் தோணி ஏற்றமாட்டார்கள். குருநகரில் அவனுக்குத் தெரிந்த தோணிக்காரர் ஒருவர் இருந்தார், தகப்பனோடு கடலுக்குப் போனவர். அவர் களவாகக் கடல்நீரேரியைத் தாண்டிப் பூநகரிப் பக்கம் இறக்கிவிடுவதாகச் சொன்னார். போகும்போது அம்மாவைக் கும்பிட்டான். எனக்குக் கை தந்தான், இடது கை.

மூன்றாம் நாள் தோணி மட்டும் கரைக்கு வந்தது. நேவி சுட்டதாகச் சொல்கிறார்கள். தோணிக்காரரும் இல்லை. நான் குருநகருக்குப் போய்த் தோணியைப் பார்த்தேன். பக்கப் பலகையில் ஓட்டைகள். உள்ளே நாலு விரல் தண்ணீர்.

எங்கேயாவது நீந்திக் கரையேறியிருப்பான் என்று பார்த்துக்கொண்டு இருந்தோம். நேற்று மடுவிலிருந்து அவன் தாய் சுவாமியார் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தா, மகன் எப்போது வெளிக்கிடுகிறான் என்று.

இதை உனக்கு எப்படி எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதியாயிற்று.

ஐயா


14.12.1993

ஐயா,

கடிதம் கிடைத்தது.

நான் மூன்று கிழமையாகக் குரங்குகளைப் பார்க்கப் போகவில்லை. நேற்றுப் போனேன். சோடியில் ஒன்றை வேறு கூட்டுக்கு மாற்றியிருந்தார்கள். மற்றது கம்பி ஓரத்தில் இருக்கிறது. சின்னக் கடுவன்களும் அதன் சாப்பாட்டைப் பறிக்கின்றன. அது கையைக்கூடத் தூக்கவில்லை. பேராசிரியர் அதன் இடம் விழுந்துவிட்டது என்று குறித்தார். அப்படித்தான் குறிக்கலாம்.

பாஸ் ஏன் கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் போனீர்களா? என்ன கேட்டார்கள்? என்ன சொன்னீர்கள்?

பஞ்சலிங்கம்


உடுவில்,
21.02.1994

அன்பு மகனுக்கு ஐயா எழுதுவது.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. நான் நடமாடுகிறேன். நீ சாப்பிடுகிறாயா என்று கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதோ தெரியாது, கேட்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாள் எடுத்தது. நாலு தரம் தொடங்கிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டாம் வரியில் ஒரு பகிடி வந்துவிட்டது.

போனேன். அடைக்கலம் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு வந்தான். பாஸ் கொடுக்கிற வீட்டு முற்றத்தில் வேம்புக்குக் கீழே மேசை போட்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் சங்கக்கடைக் கனகலிங்கம், மனைவிக்குக் கண் ஒப்பரேஷன் என்று கொழும்புக்குப் போகப் பாஸ் எடுக்க வந்து நின்றான். மேசையில் இருந்த பெடியனுக்கு இருபது வயது வராது. மரியாதையாகத்தான் கதைத்தான்.

"ஐயாதான் பிணையோ?"

"ஓம் தம்பி."

"சொந்த வீடு வளவு இருக்கோ?"

"இப்ப இருக்கு. பின்னேரம் பொம்பர் வந்து குண்டு போட்டிட்டுப் போனாப்பிறகுதான் சரியாச் சொல்லலாம்."

சிரித்தான். அவனைச் சிரிக்க வைத்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"இவர் திரும்பி வராட்டில் உங்களைத்தான் பிடிப்பம். தெரியும்தானே?"

"ஓடிப் பிடிக்கத் தேவையில்லை தம்பி. நான் ஓடமாட்டன், முழங்கால்."

அதற்கும் சிரித்தான். அடைக்கலத்தின் பெயரை எழுதினான், என் பெயரை எழுதினான். பிறகு பேனையைத் தூக்கிக்கொண்டு கேட்டான்.

"இவர் உங்களுக்கு என்ன முறை?"

கனகலிங்கம் பின்னால் தொண்டையைச் செருமினான். வேறு ஒன்றும் இல்லை, செருமல்தான். ஒருவேளை அவனுக்குச் சளியாகவும் இருக்கலாம்.

நான் சொன்னேன்: "முறை எண்டு ஒண்டும் இல்லைத் தம்பி. மகனோடை படிச்சவன். எங்கடை வீட்டிலை வாடகைக்கு இருக்கிறான்."

வாடகை என்று ஒரு சதம் அவனிடம் நான் வாங்கியதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

பெடியன் எழுதியதைக் குறுக்கே வெட்டினான். "சொந்தம் எண்டால்தான் ஏலும் ஐயா, குறை நினையாதேங்கோ" என்றான். கனகலிங்கம் முன்னால் வந்து நின்றான்.

அடைக்கலம் என் தோளைத் தொட்டு, "பரவாயில்லை மாமா, வாங்கோ, வெயில் ஏறுது" என்றான். பத்துப் பேர் நின்ற இடத்தில் மாமா என்றுதான் கூப்பிட்டான். என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றி, அந்தத் தொய்வோடு உடுவில் வரைக்கும் உழக்கினான். வழியில் ஒரு இடத்தில் மூச்சு இழுத்து நிறுத்தினான். நான் இறங்கி நடக்கிறேன் என்றேன். இருங்கோ என்றான்.

அந்தப் பெடியனுக்கு ஒரு சொல் போதும். என் தங்கச்சியின் மகன் என்றாலும் அந்தச் சொல்தான். எந்தத் தங்கச்சி என்று கேட்டிருக்கமாட்டான், எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பான். சாத்திரியாரைக்கொண்டு செவ்வாயை நகர்த்தியவனுக்கு ஒரு பொய் பெரிய காரியமா? பொய் என்றால் சொல்லியிருப்பேன் மகனே. அது பொய் இல்லை. எனக்குப் பின்னால் நின்றவனுக்கும் அது பொய் இல்லை என்று தெரியும். இனிக் கடைசிக் காளாஞ்சியும் எனக்கு இல்லை என்று நான் அந்த நேரத்தில் நினைத்தேனோ, நினைக்கவில்லையோ, சத்தியமாகத் தெரியாது. வாய் தானாக ஓடியது. நீ சண்டைகளில் பார்த்துக் குறிப்பது போல யாராவது அன்று பார்த்திருந்தால், கிழவன் பல்லைக் காட்டினான், பக்கத்தில் நிற்கவில்லை என்று குறித்திருப்பார்கள். போன ஆவணியில் உன்னைக் குறிக்கச் சொன்னதை வெட்டிவிடு.

என்னை மாமா என்று கூப்பிடச் சொன்னது நான்தான். அவன் ஒரு வருடம் கூப்பிட்டான். அதற்கு நான் திருப்பிச் சொல்லவேண்டிய சொல் ஒன்று இருக்கிறது. பெடியன் பேனையோடு காத்துக்கொண்டு இருந்தபோது அது என் வாய்க்குள்தான் இருந்தது.

மருமகன்.